டாங்கி போய் இலகு கவச வாகனம் வருமா? யாழ்ப்பாணத்து வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உக்ரைன் போரின் காணொளிகள் கைபேசிக்கு வரத் தொடங்கிய பிறகு, டாங்கிகளைப் பற்றி இங்கே இரண்டு தலைமுறையும் கேட்கிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ட்ரோனையும் ஏவுகணையையும் வைத்துக் கேட்கிறார்கள். அவர்களின் தாய் தகப்பன்மார் தங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்ற வாகனங்களை நினைத்துக் கேட்கிறார்கள். இரண்டு வகைக் கேள்விகளுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் மண்ணில் நடந்தவற்றைக் குறிப்பிடுவது எந்தத் தரப்பின் வீரத்தையும் பாடுவதற்காக அல்ல. இரும்பும் பாரமும் போரில் என்ன செய்யும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த சாட்சி இங்கேயே இருக்கிறது.

எங்கட வீட்டடியால் போனதெல்லாம் டாங்கிதான் என்று அம்மம்மா சொல்லுறா. உண்மையா?

பெரும்பாலும் இல்லை. டாங்கி என்றால் மூன்று விடயங்கள் ஒன்றாக இருக்கவேண்டும்: முன்பக்கம் தடித்த கவசம், சுற்றித் திரும்பும் கோபுரத்தில் பெரிய பீரங்கி, சங்கிலிப் பட்டியில் ஓட்டம். எதிரி நேரே சுட்டுக்கொண்டிருக்கும்போதே முன்னால் போய்த் திருப்பிச் சுடுவதுதான் அதன் வேலை. இலங்கை இராணுவம் 1990களின் தொடக்கத்தில் செக்கொஸ்லொவாக்கியாவிலிருந்து வாங்கிய ரி-55 அப்படிப்பட்டது. எடை ஏறத்தாழ 36 தொன், பீரங்கி 100 மி.மீ. இன்றைய அமெரிக்க டாங்கியான அப்ராம்ஸும் ஜேர்மனிய டாங்கியான லெப்பேர்ட் 2 உம் 60 தொன்னைத் தாண்டும்.

பி.எம்.பி சங்கிலியில் ஓடினாலும் டாங்கி அல்ல. ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, அவர்களுக்குத் துணையாகச் சுடும் வாகனம் அது. பி.எம்.பி-1 இன் எடை 13 தொன் அளவுதான். ஆளேற்றும் பி.ரி.ஆர்-80 எட்டுச் சில்லில் ஓடும். ஆறு சில்லும் 76 மி.மீ. பீரங்கியும் கொண்ட சலடின், பிரித்தானியாவிலிருந்து வந்த பழைய கவசக் கார். நான்கு சில்லில் உயரமாக நின்ற பவளைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அம்மம்மா கண்டது அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். ஆனால் வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவருக்கு இந்த வகைப்பிரிப்பால் ஒரு பயனும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

ஆனையிறவில் வீதியோரம் நிற்கிறதே, அது டாங்கியா?

இல்லை. அது இரும்புத் தகடு அடித்த புல்டோசர். 1991 யூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கியபோது விடுதலைப் புலிகள் கொண்டுவந்தது. கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறிய ஒரு படைச்சிப்பாய் அதை நிறுத்தினார், அந்த முயற்சியிலேயே இறந்தார். ஏ-9 வீதியால் போகிறவர்கள் இறங்கிப் படம் எடுக்கிற அந்த இரும்பு, இந்தப் பக்கத்தின் முக்கால்வாசிக் கேள்விகளுக்கும் பதிலாக அங்கே நிற்கிறது. கவசம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், பக்கத்தில் வருகிற காலாட்படை அதைப் பாதுகாக்காவிட்டால், கிட்ட வந்துவிடுகிற ஒரு தனி மனிதன் போதும். 35 தொன் டாங்கிக்கும் 15 தொன் கவச வாகனத்துக்கும் இது ஒரேமாதிரிப் பொருந்தும்.

"டாங்கியின் காலம் முடிந்தது" என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

இப்படிச் சொல்வது புதிதல்ல. 1916 செப்ரெம்பர் 15 அன்று பிரான்ஸின் சொம் போர்முனையில் முதல் டாங்கிகள் இறங்கின. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதிய எதிர்ப்பு ஆயுதம் வரும்போதும் இந்தப் பேச்சு எழுந்திருக்கிறது. 1973 ஒக்ரோபரில் சினாய் பாலைவனத்தில், காலாட்படைத் துணை இல்லாமல் பாய்ந்த இஸ்ரேலிய டாங்கிகளை எகிப்தியப் படையினர் தோளில் சுமந்து வந்த மல்யுத்கா என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளாலும் ஆர்.பி.ஜி. என்ற தோள் உந்துகணைகளாலும் அடித்து நொருக்கினர். அப்போதும் இதே பேச்சுத்தான். 2020 இல் நகோர்னோ-கராபாக் போரில் துருக்கிய ட்ரோன்கள் ஆர்மேனிய டாங்கிகளை மேலிருந்து எரித்தபோதும் அதேதான்.

உக்ரைனில் நடப்பது முன்னையவற்றைவிடப் பெரியது, அதை மறுக்க முடியாது. படங்களால் உறுதிசெய்யப்பட்ட கணக்கிலேயே ரஷ்யா 3000க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்திருக்கிறது. சில நூறு டொலர் செலவில் செய்யும் ட்ரோன், பல மில்லியன் டொலர் டாங்கியை முடக்குகிறது. அமெரிக்கா கொடுத்த 31 அப்ராம்ஸ் டாங்கிகளில் மிஞ்சியவற்றை 2024 ஏப்ரல் அளவில் உக்ரைன் முன்னரங்கிலிருந்து பின்னால் எடுக்கவேண்டி வந்தது.

ஆனால் இதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் பகிர்வதில்லை. ரஷ்யா இழந்த, பி.எம்.பி. போன்ற காலாட்படைச் சண்டை வாகனங்களின் எண்ணிக்கை டாங்கிகளின் எண்ணிக்கையைவிட அதிகம். டாங்கியைக் கொல்லும் ட்ரோன், மெல்லிய தகட்டு வாகனத்தை இன்னும் சுலபமாகக் கொல்லும். "டாங்கி சாகிறது, ஆகவே இலகு வாகனத்துக்கு மாறுவோம்" என்பது அந்த இடத்தில் உடைகிறது.

இலகு வாகனங்கள் டாங்கிகளை வென்றதே இல்லையா?

வென்றிருக்கின்றன. அதிகம் பேசப்படுவது 1987 இல் ஆபிரிக்காவின் சாட் நாட்டில் நடந்தது. லிபியப் படையிடம் ரி-55 டாங்கிகள் இருந்தன. சாட் படையிடம் ரொயோட்டா பிக்கப் வாகனங்களும் பிரான்ஸின் மிலான் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளும் இருந்தன. ஜனவரியில் ஃபாடாவிலும் மார்ச்சில் வாடி டூமிலும் லிபியத் தளங்கள் விழுந்தன. ரொயோட்டாப் போர் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. திறந்த பாலைவனம், தங்கள் நிலத்தை நன்றாக அறிந்த வீரர்கள், ஓரிடத்தில் உறைந்து நின்ற எதிரி, தலைக்கு மேல் பிரெஞ்சு விமானப்படையின் காவல் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்து கிடைத்த வெற்றி அது. வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால் பிக்கப் வெறும் பிக்கப்தான்.

அதே ஆண்டு அங்கோலாவின் லொம்பா ஆற்றங்கரையில் தென்னாபிரிக்கப் படையின் ராட்டல்-90 என்ற ஆறு சில்லு வாகனங்கள் அங்கோலாப் படையின் ரி-55களைச் சந்தித்து வென்றன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடுத்த வரியை விட்டுவிடுகிறார்கள். அந்த வெற்றிக்குப் பிறகு தென்னாபிரிக்கா தன் ஒலிஃபன்ட் டாங்கிகளைக் களத்துக்கு வரவழைத்தது. வென்றவர்களே "இதை இன்னொரு முறை இப்படிச் செய்ய முடியாது" என்று கண்டுகொண்டார்கள்.

2024 ஜனவரியில் உக்ரைனின் அவ்திவ்கா அருகே ஸ்தெபொவே கிராமத்தில், அமெரிக்கா கொடுத்த காலாட்படைச் சண்டை வாகனங்களான பிராட்லிகள் இரண்டு ரஷ்யாவின் ரி-90எம் டாங்கியை முடக்கிய காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 25 மி.மீ. குண்டுகள் அதன் முன்கவசத்தைத் துளைக்கவில்லை. பார்வைக் கருவிகளைச் சிதைத்தன, கோபுரம் கட்டுப்பாடில்லாமல் சுழலத் தொடங்கியது, டாங்கி மரத்தில் மோதி நின்றது. பிறகு ட்ரோன் அதை முடித்தது. துணிச்சலான சண்டை. ஆனால் அந்தச் சந்துக்குள் அந்த டாங்கியின் 125 மி.மீ. குண்டு ஒன்று பட்டிருந்தால் பிராட்லிக்குள் யாரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

டாங்கியைக் கைவிட்ட நாடுகளுக்கு என்ன நடந்தது?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஊகமில்லாமல் நடந்ததை வைத்துப் பேசக்கூடிய கேள்வி இது.

கனடா 2003 இல் தன் பழைய லெப்பேர்ட் டாங்கிகளை ஒதுக்கிவிட்டு, 105 மி.மீ. பீரங்கி பூட்டிய எட்டுச் சில்லு ஸ்ட்ரைக்கருக்கு மாறுவதாக முடிவெடுத்தது. மூன்று ஆண்டுதான் போனது. 2006 இல் கந்தகாரில் முந்திரிகைத் தோட்டங்களின் தடித்த மண்சுவர்களுக்கும் வீதிக் குண்டுகளுக்கும் முன்னால் சில்லு வாகனங்கள் திணறியபோது, ஒதுக்கத் தீர்மானித்த அதே லெப்பேர்ட்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரைக்கர் திட்டம் கைவிடப்பட்டது. 2007 இல் நெதர்லாந்திடமிருந்து 100 லெப்பேர்ட் 2 டாங்கிகளை வாங்குவதாக அறிவித்தார்கள். எங்கள் உறவினர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நாடு என்பதால் சொல்கிறேன்: அந்த முடிவை மாற்ற அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை, அது நல்ல விடயம்.

விற்ற நெதர்லாந்தின் கதை அதைவிடச் சுவையானது. 2011 இல் செலவைக் குறைக்க எஞ்சிய டாங்கிப் படையையும் கலைத்தது. சில ஆண்டுகளில் 18 டாங்கிகளை ஜேர்மனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, ஜேர்மனியப் படைப்பிரிவு ஒன்றுக்குள்ளேயே தன் வீரர்களை வைத்துக்கொண்டது. 2024 இல் சொந்த டாங்கிப் படையை மீண்டும் கட்டுவதாக அறிவித்தது. கைவிட்டபோது போனது இரும்பு மட்டுமல்ல. ஓட்டுநர், சூட்டாளர், திருத்துநர், பயிற்றுநர் என்று தலைமுறைக்குத் தலைமுறை கைமாறி வந்த கைத்தொழில் அறிவும் போனது. டாங்கியைக் காசு கொடுத்து வாங்கலாம், அந்த அறிவை அப்படி வாங்க முடியாது.

அமெரிக்க மரைன் படை 2020 இல் தன் டாங்கிகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தது. இதைக் காட்டித்தான் பலரும் வாதிடுகிறார்கள். பசிபிக்கின் சிறு தீவுகளுக்கிடையே கப்பல்களை அடிக்கும் ஏவுகணைகளோடு தாவித்திரியும் படையாக அது தன்னை மாற்றிக்கொண்டது. அந்த வேலைக்கு 60 தொன் டாங்கி தடைதான். தேவைப்பட்டால் டாங்கி தர அமெரிக்கத் தரைப்படை இருக்கிறது. ஜப்பானும் தன் டாங்கிகளை ஏறத்தாழ 300 ஆகக் குறைத்து, 26 தொன் எடையுள்ள ரைப்-16 என்ற எட்டுச் சில்லு வாகனத்தைக் கூட்டத் தீர்மானித்தது. தீவிலிருந்து தீவுக்கு விரைவாகக் கொண்டுபோக அது வசதி.

ஆக, கைவிட்டுச் சமாளிப்பவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் வேறொருவருடைய டாங்கியோ சுற்றிவரக் கடலோ இருக்கிறது. அது இல்லாதவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

பாரம் குறைந்த வாகனம் சேற்றில் புதையாதுதானே? எங்கள் தரவை நிலத்துக்கு அதுதானே நல்லது?

பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது, ஆனால் நிலம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. மொத்த எடை மட்டுமல்ல, அந்த எடை எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதே முக்கியம். ரி-55 இன் 36 தொன்னும் இரண்டு நீண்ட சங்கிலிப் பட்டிகளில் பரவுவதால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 கிலோவுக்கும் குறைவான அழுத்தமே நிலத்தில் விழும். 60 தொன்னைத் தாண்டும் அப்ராம்ஸுக்கும் அது 1 கிலோவைச் சற்றே தாண்டும். வீதியில் ஓடும் பாரலொறியின் ரயர் ஏறத்தாழ 7 கிலோ அழுத்தம் கொடுக்கும். இராணுவச் சில்லு வாகனங்கள் காற்றைக் குறைத்துச் சமாளித்தாலும் சங்கிலியின் அளவுக்கு இறங்கமாட்டா.

மாரியில் தென்மராட்சித் தரவையிலோ ஆனையிறவு உப்பளப் பக்கத்து உவர்ச் சேற்றிலோ லொறி இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். அந்தச் சேற்றில் 17 தொன் சில்லு வாகனம் 36 தொன் டாங்கிக்கு முன்னமே புதையும்.

பாலத்தில் மட்டும் கணக்கு நேர்மாறு, அங்கே மொத்த எடைதான் பேசும். குடாநாட்டை வன்னியோடு இணைப்பவை ஆனையிறவு, சங்குப்பிட்டி போன்ற ஒடுங்கிய வழிகள்தான். உள்ளூரில் சிறிய மதகுகள். இங்கே இலகு வாகனத்துக்கு உண்மையான நன்மை உண்டு. தூரத்துக்குக் கொண்டுபோவதற்கும் அப்படித்தான்: சி-130 விமானம் 19 தொன் அளவே தூக்கும். பெரிய சி-17 இல் ஏறுவதும் ஒரே ஒரு அப்ராம்ஸ். எரிபொருளும் சேரும். அப்ராம்ஸின் தாங்கியில் ஏறத்தாழ 1900 லீற்றர் நிரப்பினால் 400 கிலோமீற்றரைச் சற்றே தாண்டி ஓடும்.

அப்படியென்றால் இடைநடுவில் ஒரு "இலகு டாங்கி" செய்யலாமே?

அமெரிக்கா செய்து பார்த்தது. எம்-10 புக்கர் என்ற பெயரில், இலகு காலாட்படைக்குத் துணையாக, 105 மி.மீ. பீரங்கியோடு. 2022 இல் ஒப்பந்தம் போட்டார்கள். கடைசியில் 38 தொன்னில் வந்து நின்றது. ரி-55 ஐவிடப் பாரம். விமானத்திலிருந்து பரசூட்டில் இறக்கவும் முடியாது, அது நிற்கவேண்டிய முகாமின் பாலங்கள் பலவும் தாங்கவில்லை. 2025 இல் நிறுத்திவிட்டார்கள்.

இந்தியா வேறு காரணத்தோடு முயல்கிறது, அந்தக் காரணம் வலுவானது. 2020 இல் கல்வானில் சீனாவோடு மோதல் நடந்த பிறகு, லடாக்கின் மெல்லிய காற்றில் ரி-72, ரி-90 டாங்கிகளின் இயந்திரங்கள் சக்தி இழப்பதையும் மலைப்பாதைகளில் அவை படும் பாட்டையும் கண்டார்கள். எதிர்ப்பக்கம் சீனாவிடம் ரைப்-15 என்ற இலகு டாங்கி நின்றது. 25 தொன் எடையில் சோராவர் என்ற டாங்கியை உருவாக்கி 2024 இல் காட்டினார்கள். 1948 நவம்பரில் சோஜிலா கணவாயின் உயரத்துக்கு ஸ்ருவட் இலகு டாங்கிகளை ஏற்றிக் காட்டியவர்கள் அவர்கள். அந்த உயரத்தில் பாரம் குறைந்த டாங்கிக்கு வேலை இருக்கிறது. பஞ்சாப் சமவெளிக்கு இந்தியா அதை அனுப்பப்போவதில்லை.

1987 இல் இந்திய டாங்கிகள் எங்கள் ஒழுங்கைகளுக்குள் ஏன் திணறின?

ரி-72 ஏறத்தாழ மூன்றரை மீற்றர் அகலம். பீரங்கியை முன்னால் நீட்டினால் ஒன்பதரை மீற்றர் நீளம். இருபுறமும் மதிலும் பனைமரமும் உள்ள எங்கள் ஒழுங்கையில் அது கோபுரத்தைத் திருப்பவே இடமில்லை. வீதிகளில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். அந்த ஒக்ரோபரில் யாழ். பல்கலைக்கழகப் பகுதியில் இறக்கப்பட்டுச் சிக்கிய தங்கள் படையினரை மீட்க, வீதியை விட்டு ரயில் தண்டவாளத்தின் வழியே டாங்கிகளை ஓட்டினார்கள். கண்ணிவெடி இல்லாத பாதை அதுதான்.

"இலகு வாகனம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இலகு பி.எம்.பி.களும் அப்போது வந்தவைதான். ஆர்.பி.ஜி. ஒன்று அதன் பக்கத் தகட்டைக் கடதாசிபோலக் கிழிக்கும். 1994 டிசம்பர் கடைசியில் குரோஸ்னி நகருக்குள் நுழைந்த ரஷ்ய அணிகளில் டாங்கியும் எரிந்தது, பி.எம்.பி.யும் எரிந்தது. இஸ்ரேல் எதிர்த் திசையில் போனது. ஆட்களை ஏற்றும் வாகனத்தையே மெர்காவா டாங்கியின் உடலில் செய்து 60 தொன் அளவுக்குப் பாரமாக்கியது. நமெர் என்று பெயர். 2014 இல் காசாவின் சுஜாயியாவில் ஆளேற்றும் பழைய எம்-113 வாகனம் ஒன்றில் ஏழு படையினர் ஒரேயடியாக இறந்த பிறகு அந்தப் போக்கு இன்னும் வலுத்தது.

பவள் கவச வாகனத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் வீதிக்குக் கீழே வெடித்த கண்ணியிலும் அதைத் தொடர்ந்த சூட்டிலும் 13 படையினர் இறந்தனர். அவர்கள் வந்தது கவசமில்லாத ஜீப்பிலும் லொறியிலும். அதற்குப் பின் தெற்கில் எங்கள் மக்களுக்கு நடந்தது உலகறிந்தது. இராணுவம் கண்ணிவெடி தாங்கும் வாகனம் தேடித் தென்னாபிரிக்காவிடமிருந்து வாங்கியதுதான் பஃபல், எங்கள் வாயில் பவள்.

அதன் அடிப்பக்கம் ஆங்கில வி எழுத்துப்போலக் கூராக இருக்கும். கீழிருந்து வரும் வெடியலையை அது இரண்டு பக்கமும் விலக்கிவிடும். ஆட்கள் நிலத்திலிருந்து உயரத்தில், முதுகுக்கு முதுகாக, பட்டி கட்டி இருப்பார்கள். வெடியின் வேகத்தை உறிஞ்ச ரயர்களுக்குள் தண்ணீர் நிரப்பும் வழக்கமும் உண்டு. பிறகு இலங்கைப் படையின் பொறியியலாளர்களே அதைப் பார்த்து யுனிகோர்ன் என்று செய்தார்கள். ஈராக்கின் வீதிக் குண்டுகளில் நிறையப் பேரை இழந்த அமெரிக்கா, 2007 இல் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் செய்வித்த வாகனங்களின் அடிப்படையும் இதே கூர் அடிதான்.

இலகு வாகனம் தன் இடத்தைச் சரியாகப் பிடித்த உதாரணம் இது. ரோந்துக்கும் ஆளேற்றவும் டாங்கியைவிட நல்லது. ஆனால் பவளின் மேற்பக்கம் திறந்திருக்கும், பக்கத் தகடு துப்பாக்கி ரவையைத்தான் தாங்கும். அரண் உடைக்க அதை அனுப்பினால் உள்ளே இருப்பவர்களைப் பலி கொடுப்பதாகவே முடியும். 2023 இல் உக்ரைனுக்கு பிரான்ஸ் கொடுத்த ஏ.எம்.எக்ஸ்-10 ஆர்.சி. வாகனங்களுக்கும் இதுதான் நடந்தது. 105 மி.மீ. பீரங்கி இருக்கிறது என்று முன்னணித் தாக்குதலுக்கு விட்டார்கள். எறிகணைச் சிதறல்களையே மெல்லிய தகடு தாங்கவில்லை. அதன் பிறகு பின்னால் நின்று சுடப் பயன்படுத்தினார்கள், அந்த வேலையை அது நன்றாகச் செய்தது.

இலகு வாகனங்கள் என்றால் பொதுமக்களுக்கு ஆபத்துக் குறைவா?

இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 25 அல்லது 30 மி.மீ. தானியங்கிப் பீரங்கியின் குண்டு எங்கள் சீமெந்துக் கல் வீட்டின் சுவரை ஊடுருவி அடுத்த அறைக்கும் போகும். அது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுடும். என் கணிப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தடித்த கவசத்துக்குள் இருப்பவர் ஒரு அடியை வாங்கிக்கொண்டு, யார் சுட்டது என்று பார்க்கக் கொஞ்ச நேரம் பொறுக்க முடியும். மெல்லிய தகட்டுக்குள் இருப்பவருக்கு அந்த அவகாசம் இல்லை, சந்தேகப்படும் யன்னல் எல்லாவற்றுக்கும் முந்திச் சுடுவதே அவருக்குப் பாதுகாப்பு. வாகனத்திலிருந்து இறக்கிய பாரம் உள்ளே இருக்கும் படையினன் மீதோ வெளியே வீட்டுக்குள் இருக்கும் தாய் மீதோ ஏறுகிறது. எடைக்குறைப்பைப் பற்றி எழுதுபவர்கள் இதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ட்ரோனுக்கு முன்னால் எதுதான் தப்பும்?

தனியாக நின்றால் எதுவும் தப்பாது. வன்னியில் மேலே "வண்டு" என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் சுற்றினால் பின்னால் எறிகணை வரும் என்று குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. இப்போது வண்டே குண்டோடு இறங்குகிறது. கம்பிவலைக் கூடு, அலைவரிசைக் குழப்பி, வரும் ஏவுகணையை வழியிலேயே அடிக்கும் ட்ரொஃபி போன்ற கருவிகள் எல்லாம் பாரமும் மின்சக்தியும் கேட்கும். அவற்றைச் சுமக்கப் பெரிய உடல் வேண்டும். அதனால்தான் ட்ரோன் காலத்திலும் வாகனங்கள் பலவும் எடை கூடிக்கொண்டே போகின்றன.

முகமாலைப் பக்கம் காணி துப்புரவாக்கும்போது டாங்கி எதிர்ப்புக் கண்ணி கிடைத்தால்? ஆள் மிதித்தால் வெடிக்காது என்கிறார்களே?

அந்தப் பேச்சை நம்பவேண்டாம். டாங்கி எதிர்ப்புக் கண்ணிகள் பொதுவாக 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்துக்கு வெடிக்கும்படி செய்யப்பட்டவை என்பது உண்மை. ஆனால் பல ஆண்டு மண்ணுக்குள் கிடந்து துருப்பிடித்த பொறி எப்படி நடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதைச் சுற்றிச் சிறிய மிதிவெடிகளும் புதைத்திருக்கலாம். உழவு இயந்திரம் ஏறினால் நிச்சயம் போதுமான பாரம். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது, ஆனால் டாங்கி எதிர்ப்புக் கண்ணிகள் அந்த உடன்படிக்கைக்குள் வருவதில்லை.

கண்டால் தொடாதீர்கள், மண்ணைக் கிளறாதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வாருங்கள். அந்த இடத்துக்குப் போகும் பாதையில் தூரத்திலிருந்தே தெரியும்படி ஒரு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசாருக்கோ அப்பகுதியில் வேலைசெய்யும் கண்ணிவெடி அகற்றும் பணியாளருக்கோ சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடவேண்டாம்.